கங்கையாவுக்கு விழுந்த அடி

தரணி திருப்பதி மியூசிக் காலேஜில் வயலின் படித்து, ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். இருபத்தாறு வருஷமாக ஹாம்பர்க்கில் பெரிய இசைக்குழுக்களுக்கு இசை எழுதுகிறார். கைதட்டல் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

அவருடைய நைனா கங்கையா, நகரிப் பக்கத்து ஊரில் சாவு மோளம் அடித்தவர். எந்த வீட்டு வாசலில் அவர் மோளம் கேட்கிறதோ, அந்த வீட்டுக்கு ஊரே போட்டது போட்டபடி ஓடிவரும். அந்த மனுஷர் கொரோனாவில் போனபோது விமானம் இல்லை. கூட்டம் கூடாது, மோளம் கூடாது என்று சொல்லி நாலு பேர் தூக்கிப் போனார்கள். ஊருக்கெல்லாம் அடித்தவருக்கு ஓர் அடி விழவில்லை.

அந்த ஆத்திரம் ஆறாமல்தான் நைனாவின் அடியை அப்படியே முதலில் வைத்து, அதன் மேல் வயலின்களை ஏற்றி, தரணி ஒரு பெரிய இசை எழுதினார். போன மாசம் அதை ஹாம்பர்க்கில் வாசித்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. ரெக்கார்டிங்கை ஊரிலிருக்கும் அக்கா பாப்பாத்திக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டார்.

அக்கா அதை டி.வி.யில் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். வயலின் இன்னும் வரவில்லை, வெறும் மோளம்தான். போனில் செருப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு பெண்குரல்.

"மோளம் கேட்டு அடுப்பக்கூட அணைக்காம வந்துக்கினு இருக்கோம். யாருக்கு இன்னா ஆச்சு, பாப்பாத்தி?"

டி.வி.யில் ஓடும் பாட்டுதான் என்று அக்கா சொல்லிவிடுவாள் என்று தரணி காத்திருந்தார்.

"நைனா பூட்டாரு," என்றாள் அக்கா. "வாங்க, உள்ள வந்து குந்துங்க."