ஹெச்ஓவா, என் ஸ்கேலா... ஒத்த ரூம்ல ஓடுன ரயிலு

கைய எத்தனை தடவை கழுவினாலும் மெஷின்ல ஊத்தற கூலன்ட் வாசனை போகாத காலம் அது... ஓசூர்ல மெஷின் ஷாப் வேலை. கல்யாணமாகி நாலு மாசம். பாகலூர்ல ஒத்த ரூம் வீடு.

சின்ன வயசுலேர்ந்தே பொம்மை ரயில் மேல பைத்தியம். மொத போனஸ் வந்ததும் பெங்களூர் கடையில போய் நின்னேன். கடைக்காரர் ரெண்டு இன்ஜின் எடுத்து வச்சார். பெருசு ஹெச்ஓ ஸ்கேல், ஒரு சாண் நீளம். சின்னது என் ஸ்கேல், விரல் நீளம்தான். இங்கிலீஷ் எழுத்து என்... என்னோடதுன்னு அர்த்தமில்ல.

"ஒன்னுதான் எடுக்கணும் சார். இதோட தண்டவாளத்துல அது ஓடாது. இன்னைக்கு எடுக்கறதுதான் கடைசி வரைக்கும்"னார்.

பொண்ணு பாக்கும்போது கூட யாரும் என்னை இப்படி மிரட்டல.

எனக்கு ஹெச்ஓ மேலதான் கண்ணு. மெஷின் ஷாப் விரலுக்கு சின்னது சரிப்படாது. யோசிச்சுட்டு வரேன்னு வீட்டுக்கு வந்து, எவ்ளோ எடம் வேணும்னு தரையில சாக்பீஸ்ல கோடு போட்டேன். கோடு கட்டிலுக்கடியில பூந்து, சிலிண்டரச் சுத்தி, அரிசி டிரம்ல போய் முட்டிச்சு.

என் பொண்டாட்டி மஞ்சுளா ரெண்டு நாளும் கோட்ட மிதிக்காம தாண்டித் தாண்டி சமைச்சா. எனக்கு அதான் பயமா இருந்துச்சு.

மூணாம் நாள், "பேட ரீ"ன்னா.

அவ கர்நாடக பார்டர்ல தளி ஊர்ப் பொண்ணு, வீட்டுல கன்னடம். வேணாங்கன்னு தமிழ்ல சொன்னா பேசிப் பாக்கலாம். கன்னடத்துல சொல்லிட்டா அப்பீலே கிடையாது.

"சரி, என் ஸ்கேலே வாங்கறேன்"னேன், மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு.

"உங்க ஸ்கேலா?"

"அது இங்கிலீஷ் எழுத்தும்மா. எம்முக்கு அடுத்த என்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் ஸ்கேல்னா அது என்னுது"ன்னு சிரிச்சா.

சொன்ன மாதிரியே ஆச்சு. பலகையில தண்டவாளம் மாட்டி, அரை மணி நேரம் போராடியும் என் விரலுக்கு சக்கரம் ஏறல. தூக்கிக் கடாசலாம்னு வந்துச்சு. அவ வாட்ச் அசெம்ப்ளி லைன்ல வேலை பாத்தவ... புருவம் எடுக்கற ட்வீசரோட பக்கத்துல வந்து உக்காந்தா. ஒரே நிமிஷம். நான் சுவிட்சத் திருப்பினேன், ரயில் ஓடுச்சு. அந்த சந்தோஷம் பின்னால கிரகப்பிரவேசத்துல கூட எனக்கு வரல.

அப்புறம் ஞாயித்துக்கெழமைன்னா இதேதான். வண்டி கவுந்தா நான் "மஞ்சு..."ன்னு குரல் குடுக்கணும். அவ நைட்டியில கை தொடச்சுக்கிட்டே வரணும்.

இப்போ சொந்தமா மாடி வீடு. மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. ஆனா அவளுக்குக் கண்ணாடி வந்துடுச்சு. நான் மொபைல் டார்ச் புடிக்க, அவ ஒரு பெட்டிய ஏத்தறதுக்குள்ள காப்பி ஆறிடுது.

போன வாரம் ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். ஹெச்ஓ இன்ஜின எடுத்து அங்க இருந்த தண்டவாளத்துல வச்சுப் பாத்தேன். என் கையாலயே சுளுவா ஏறிடுச்சு. பில் போடச் சொல்லிட்டேன்.

மஞ்சுளா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே மெதுவா கேட்டா...

"இத வாங்கிட்டா, அப்புறம் என்னை எதுக்குங்க கூப்புடுவீங்க?"

கடைக்காரர்கிட்ட ஸாரி சொல்லிட்டு பஸ் ஏறிட்டோம். அப்போ எடமில்லன்னு சின்னத வாங்கினேன். இப்போ எடமிருந்தும் பெருச வாங்க மனசு வரல.