சிவப்புக் கிளிப்

வுர்யானியின் வீட்டுக் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு கொடிக் கயிறு ஓடும். அதில் துணி காய்ந்து யாரும் பார்த்ததில்லை. முழுக்கச் சீட்டுகள்தான், ஒவ்வொன்றும் கதையின் ஒரு கிளை. கைப்பேசியில் கதை படிக்கிறவர்கள் நாயகி இன்னது செய்யட்டும் என்று விரலால் தொடுவார்கள். தொட்டபடி கதை பிரிந்து போகும். சீட்டில் பச்சைக் கிளிப் மாட்டியிருந்தால் அந்தக் கிளையில் ஆள் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் செத்தாச்சு.

ஜகார்த்தாவில் இதே வேலை பார்க்கும் பட்டதாரிப் பெண்கள் கணினியில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைவார்கள். அவர்கள் வரைந்து முடிப்பதற்குள் வுர்யானி மூன்று அத்தியாயம் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் குடி ஒன்றும் முழுகிப்போகவில்லை. செமாராங் வடகரையில் மாதம் இரண்டு தடவை கடல் தெருவுக்குள் வந்து போகும். அங்கே ஐந்து முறை தரையை உயர்த்திக் கட்டிய வீடு அவளுடையது ஒன்றுதான்.

கிளைக்கதையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் முதுகில் கூடை கட்டி ஜாமுக் கசாயம் விற்றவள். தெருமுனையில் கூடையை இறக்கினால் பெண்கள் கதை கேட்கத்தான் சுற்றி வருவார்கள். இனிப்புக் கசாயம் வாங்கினவளுக்கு நாயகி பிழைப்பாள். காசு மிச்சம் பிடித்துக் கசப்பு வாங்கினவளுக்கு நாயகி செத்துப்போவாள். நாயகியைக் காப்பாற்றுவதற்காக இனிப்பு வாங்கிக் குடித்த பெண்கள் எத்தனையோ பேர். இப்போது கசாயத்துக்குப் பதில் கைப்பேசியில் காசு கட்டி வாங்குகிற வைரப் புள்ளி. மற்றபடி தொழில் அதேதான். இலவசப் பாதை வலிக்க வேண்டும். வலிக்காவிட்டால் எவளும் வைரம் செலவழிக்க மாட்டாள்.

வுர்யானி வாயால் சொல்வாள். அவள் தம்பி மனைவி துமினி தட்டச்சு செய்வாள். துமினி பன்னிரண்டாவது வரை படித்தவள். அதை வுர்யானி வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள்.

"பன்னெண்டு வருஷம் பெஞ்சு தேச்சவ, மூணு வருஷம் தேச்சவளுக்கு எழுதிக் குடுக்கறே. யாரு கெட்டிக்காரி, நீயே சொல்லு புள்ள."

"நீங்கதான் அண்ணி" என்பாள் துமினி. அவள் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் வெள்ளம் வருகிறது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தாய் எதைத் தூக்க வேண்டும்? மகள் மெலாத்தியைத் தூக்கினால் பன்னிரண்டு வைரம். அரிசி மூட்டையைத் தூக்கினால் இலவசம். மூட்டையைத் தூக்கினால் ஏழு வயது மெலாத்தி மிதந்து போகும் செருப்பைப் பிடிக்க வாசலுக்கு ஓடிச் சாக்கடைக்குள் விழுவாள்.

துமினியின் மகள் லாரஸ் இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் போனாள். அன்று துமினியின் தலையில் இருந்தது அரிசி மூட்டை.

வுர்யானி இதைச் சொல்லச் சொல்ல, துமினி ஓர் எழுத்து பிசகாமல் அடித்தாள். முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அண்ணி, இலவசப் பாதையில ஒரு கிளை மட்டும். யாராவது ஒருத்தர் அவளத் தூக்கிட்டு வந்துட்டா என்ன? மீன்காரரு, இல்ல பக்கத்து வீட்டுல யாராவது."

"தூக்கிட்டு வந்தா பன்னெண்டு வைரத்த எவ குடுப்பா?"

"ஒரே ஒரு கிளை, அண்ணி. எங்கிட்ட வைரம் இல்ல. நான் அவள உசுரோட பாக்கணும்னா எப்படிப் பாக்கறது?"

வுர்யானி வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கி மீன்காரரு வந்தாரா? வரல. அப்ப கதையில மட்டும் ஏன் வரணும்? சிவப்பு மாட்டு."

துமினி சிவப்புக் கிளிப்பை மாட்டினாள்.

மெலாத்தி பிழைத்த கிளைகளும் செத்த கிளைகளும் ஒன்பதாம் அத்தியாயத்தில் சேர வேண்டும். சேரும் இடத்தை எழுதுவதில்தான் ஆளின் திறமை தெரியும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊரைக் கூட்டிப் போடும் செலமத்தான் விருந்து ஒன்றை வுர்யானி வைத்தாள். பெரிய மூங்கில் தட்டில் கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றிலும் பாய், ஊர் சனம். குழந்தை பிழைத்த கிளைக்கு அது நன்றி விருந்து, செத்த கிளைக்கு நூறாம் நாள் விருந்து. ஒரே சோறு, ஒரே பாய். நடுவில் நாலு வரிதான் மாறும். பச்சைக்கு, குழந்தை தட்டை நீட்டி "இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்கும். சிவப்புக்கு, குழந்தையின் பேரைச் சொல்லிப் பிரார்த்தனை. இந்தச் சாமர்த்தியம் எந்தப் பட்டதாரிக்கு வரும்?

அத்தியாயம் வெளியான மறுநாள் காலை, கதைச்செயலி நிறுவனத்தின் ஆசிரியை ரெங்கானிஸ் ஜகார்த்தாவிலிருந்து கூப்பிட்டாள். மரியாதைக்கு 'இபு', அதாவது அம்மா, என்றுதான் அழைப்பாள்.

"இபு வுர்யானி, செத்த குழந்தை தன்னோட நூறாம் நாள் விருந்துல உக்காந்து சோறு கேக்குது. பாத்தீங்களா?"

வுர்யானிக்கு முகம் வெளிறிப்போயிற்று. அதிகம் பேர் படிக்கும் கதைகளின் பட்டியலில் பதினொரு வாரமாக அவளுக்குத்தான் முதலிடம். செத்தவளை மறந்து எழுதினாள் என்ற கெட்ட பெயர் புதிதாக வந்தவர்களுக்கு வரலாம், அவளுக்கு வரலாமா? கைப்பேசியைப் பொத்திக்கொண்டு கொடியைப் பார்த்தாள். சிவப்புக் கிளிப் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

"புள்ள, என்ன பண்ணித் தொலைச்சே?"

துமினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் எதையும் எடுக்கல அண்ணி. பிரார்த்தனை அப்படியேதான் இருக்கு. பச்சையில இருந்த நாலு வரிய அதுக்குக் கீழ சேத்தேன், அவ்வளவுதான்."

"எதுக்குடி?"

"நூறு நாளா அவ சாப்பிடல."

இவளை வீட்டை விட்டே துரத்துவது என்று வுர்யானி வாயெடுத்தாள். அதற்குள் கைப்பேசியிலிருந்து ரெங்கானிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இபு, இருக்கீங்களா? திட்டறதுக்குக் கூப்பிடல. எல்லாரும் அதைப் பேயின்னு நெனச்சுட்டாங்க. பிரார்த்தனை சொல்லிட்டிருக்கும்போதே தட்டு நீளுதில்ல, பயந்துபோய் ஆளுக்கு ஆள் அனுப்பிட்டிருக்காங்க. அந்தப் பேயப் பாக்கறதுக்காகவே அரிசி மூட்டையத் தூக்கறவங்கதான் இப்ப பாதிக்கு மேல. இனிமே எல்லா அத்தியாயத்துலயும் அந்தப் பொண்ணு வரணும். அதே வார்த்தை, இன்னும் ஒரு கரண்டி. எப்படித்தான் தோணுச்சு உங்களுக்கு?"

வுர்யானி முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "ஜாமு வித்த காலத்துலேயே யோசிச்சு வெச்சது அம்மா. சரியான எடம் வரட்டும்னு காத்திருந்தேன்."

துமினி அடுக்களைக்குள் திரும்பிப் போனாள்.

அன்று மதியமே வேலை தொடங்கிவிட்டது. சிவப்புக் கிளையில் மழை. தாய் தனியாக இருக்கிறாள். கதவுக்கு வெளியே ஈரப் பாவாடையோடு மெலாத்தி நிற்கிறாள். கதவைச் சாத்தினால் பதினைந்து வைரம். திறந்தால் இலவசம். திறந்தால் குழந்தை தாயின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

"அது பேசறத நீயே எழுது" என்றாள் வுர்யானி. "உம்பொண்ணு எப்படிப் பேசுவான்னு உனக்குத்தான் தெரியும். பயமா இருக்கணும்."

"அவ பேசினா பயமா இருக்காது அண்ணி. மூக்காலதான் பேசுவா."

"மூக்காலயா? நல்லது. அதைப் போடு."

ஒரு வாரத்தில் கணக்கு வந்தது. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் வைரம் கொடுத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பட்டியலில் பன்னிரண்டாவது வாரமும் வுர்யானிதான். ரெங்கானிஸ் அனுப்பிய லும்பியாப் பலகாரப் பெட்டியைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டு அவள் உள்ளே வந்தபோது, கொடியின் கீழே துமினி தன் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் கதவைத் திறந்தாள். குழந்தை வந்தது, இழுத்துப் போயிற்று. மறுபடி தொடக்கத்துக்குப் போய்க் கதவைத் திறந்தாள்.

"எத்தன தடவ சாவே?" என்றாள் வுர்யானி. "நீ திறக்கறதால எனக்கு ஒரு வைரம் பிரயோசனம் உண்டா?"

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன்."

"மறுபடியுமா?"

"அவள உசுரோட விடச் சொல்லல. கதவத் திறந்ததும் ஒடனே இழுக்க வேணாம். உள்ள வந்து உக்காரட்டும். ஒரு கரண்டி சோறு போட்டுடறேன். அப்புறம் இழுத்துட்டுப் போகட்டும்."

வுர்யானி ஒரு லும்பியாவைக் கடித்துக்கொண்டு அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். விளக்கு, பாய், சோறு, குனிந்து சாப்பிடும் ஈரத் தலை. தட்டு காலியாகிறது. பிறகு கை.

"போடு" என்றாள். "சோறு போட்ட கையவே பிடிச்சு இழுத்தா இன்னும் பயமா இருக்கும். அடுத்த வாரம் தொண்ணூறு பேர் சாத்துவாளுங்க."

துமினி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு கரண்டிச் சோற்றை எழுத அவளுக்கு மதியம் முழுக்கப் பிடித்தது. வுர்யானி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.