எல்லாரும் சப்போர்ட் பண்ணின ஃப்ளைட்

1. போன் வந்த நாள்

ஒரு ஊருக்கு விமானம் விடுவதையும் நிறுத்துவதையும் மந்திரிமார் கூடிப் பேசி முடிவு பண்ணுகிறார்கள் என்று நினைத்துத்தான் புதுப் பிள்ளைகள் நீங்கள் இந்த வேலைக்கு வருகிறீர்கள். அப்படியெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் ஒரு தனியார் கம்பெனிக்கு ஸ்டேஷன் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எங்கள் துபாய் ஃப்ளைட்டின் கதை ஒரு போனில் ஆரம்பித்தது.

பேசியவர் ஹெட் ஆபீசில் நெட்வொர்க் பிளானிங் பார்க்கும் சென்னைக்காரர். லீசுக்கு எடுத்த விமானங்கள் சில திரும்பப் போகின்றன, மிச்சம் இருப்பதை எங்கே பறக்கவிட்டால் அதிகம் சம்பாதிக்குமோ அங்கேதான் விடமுடியும் என்றார். "உங்க ரூட்தான் சார் கடைசி. இந்த சீசன்ல லோடு ஏத்திக் காட்டுங்க. இல்லன்னா வேற ஊருக்குப் போயிடும்." லோடு என்றால் நிரம்பிய சீட்.

அந்த ஃப்ளைட் போனால் முதலில் வேலை போவது செக்-இன் கவுண்டரில் இருந்த மேரிக்கு. கான்ட்ராக்ட் ஸ்டாஃப். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம், மண்ணரையில் வாடகை வீடு, அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அந்த வீட்டிலிருந்து யூனிஃபார்ம் போட்டு ஏர்போர்ட் வேலைக்குப் போன ஒரே ஆள் அவள்தான்.

"போயிருமா சார்?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம் கண்ணு" என்றேன்.

2. காப்பியும் கார்ப்பரேட் ஃபேரும்

திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்களை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். ஐரோப்பாவில் சரக்கு வாங்கும் பையர்களைப் பார்க்க அவர்கள் பெரும்பாலும் துபாய் வழியாகத்தான் போவார்கள். கொச்சிக்கு அலையாமல் நம் ஃப்ளைட்டுக்கு சப்போர்ட் பண்ணுங்க என்று கேட்டேன். கிளம்பும் அன்றைக்குக்கூட தேதியைச் சும்மா மாற்றிக்கொள்ளலாம் என்று கார்ப்பரேட் ஃபேரும் வாங்கிக் கொடுத்தேன். போன இடமெல்லாம் காப்பி. ஒருத்தர் வாயிலிருந்தும் இல்லை என்று வரவில்லை.

புக்கிங் கிடுகிடுவென்று ஏறியது. பிளானிங்காரர் கூப்பிட்டுப் பாராட்டினார். மேரி வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தாளாம், கவுண்டரில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். நானும் ரெண்டு தின்றேன்.

3. வராத ஆட்கள்

ஃப்ளைட் ஃபுல் என்று சிஸ்டம் காட்டுகிறது, கவுண்டரில் ஆளைக் காணோம். போன் போட்டால், "ஷிப்மென்ட் லேட்டுங்க, அடுத்த வாரத்துக்கு மாத்திட்டமுங்க" என்பார்கள். அடுத்த வாரமும் அதே பாட்டு. கிளம்பும் அன்றைக்கு விட்ட சீட்டை யாருக்கு விற்பது?

இதைவிடக் கொடுமை இன்னொன்று. சீட் நிரம்ப நிரம்ப கம்ப்யூட்டர் தானாக டிக்கெட் விலையை ஏற்றும். நிஜமாகவே போகவேண்டிய வெள்ளகோவில் வியாபாரி ஒருத்தர், நம்ம ஃப்ளைட் விலையைப் பார்த்து மிரண்டு கொச்சிக்கே போய் ஏறியதாகச் சொன்னார். போகாதவர்கள் எங்கள் சீட்டில், போகிறவர்கள் கொச்சியில். தலையில் அடித்துக்கொண்டேன்.

அதிகமாக புக் பண்ணியிருந்த சென்னியப்பன் என்ற எக்ஸ்போர்ட்டரிடம் போய்க் கேட்டேவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏனுங்க, நீங்க ஊடு தேடி வந்து சப்போர்ட்டுனு கேட்டீங்க. மாட்டேன்னு எப்பிடிங்க சொல்றது? ஆளாளுக்கு டிக்கெட்டு போட்டு உட்டமுங்க. ஏறிப் போகோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

அப்போதுதான் உறைத்தது. ஏதாவது கிளப்காரர்கள் நன்கொடைக் கச்சேரி என்று டிக்கெட் கொண்டுவந்தால் இந்த ஊரில் கட்டாக வாங்கிக்கொள்வார்கள். கச்சேரிக்கு ஒருத்தரும் போகமாட்டார்கள். கேட்டவரைத் திருப்பி அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் விமானத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். திட்டவும் முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிளானிங்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் வேண்டுமென்றே ஏமாற்றினீர்கள் என்று அவர் சொல்லவில்லை. "டிமாண்ட் கம்மின்னு தெளிவா தெரிஞ்சிருந்தா வாரத்துல மூணு நாளாவது ஓட்டியிருப்பேன் சார். இப்ப உங்க நம்பர் ஒண்ணையும் நம்ப முடியல. எதை வெச்சு நான் மேல பேசுறது?" என்றார். அடுத்த சீசன் ஷெட்யூலில் எங்கள் ஃப்ளைட் இல்லை. விமானம் வடக்கே ஏதோ ஊருக்குப் போய்விட்டது.

4. பொன்னாடை

கடைசி நாள் சென்னியப்பன் மைசூர்பாவும் பொன்னாடையுமாக வந்தார். "அடுத்தாப்புல ஃப்ளைட் உட்டாச் சொல்லுங்க, இன்னும் நல்லா சப்போர்ட் பண்றோமுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு. மேரி மைசூர்பாவை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள். பிறகு கவுண்டர் போர்டை அணைத்தாள்.

இப்போது அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே செக்கிங் டேபிளில் நிற்கிறாள். காலை முதல் டீ-சர்ட்டில் ஓட்டை தேடும் வேலை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இந்த ஊரில் யாரிடமும் சப்போர்ட் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் யார் ஏறுவீர்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். மரியாதைக் குறைச்சலாகத்தான் தெரியும். தெரியட்டும்.

போன மாசம் மண்ணரை பஸ் ஸ்டாப்பில் மேரியைப் பார்த்தேன். தலையெல்லாம் பனியன் கம்பெனிப் பஞ்சு. "அந்த ஃப்ளைட் திரும்ப வருமா சார்?" என்று கேட்டாள். பாத்துக்கலாம் கண்ணு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வராது மேரி" என்றேன்.