அக்கா ‘கூசி தாடா’ என்று சொன்ன நாள்

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். பல்வலிக்கும் ஈறு வீக்கத்திற்கும் மருந்து சொல்லத் தெரியாதவர் எங்கள் தோட்டப்புறத்தில் எவருமில்லை. ஒருவர் கிராம்பு என்பார். கேட்டவர் அதனோடு உப்பைச் சேர்ப்பார். மூன்றாமவர் வாய்க்கு வரும்போது அது வேறொரு மருந்தாகியிருக்கும். பேச்சு காற்றோடு போய்விடும். அச்சில் வந்ததையோ யாரேனும் ஒருவர் நம்பித் தம் வாயில் இட்டுப் பார்ப்பார். ஆகவே, நான் கண்ணால் கண்டவை, என் அக்காவிடம் திரும்பக் கேட்டு உறுதிசெய்தவை, பல்மருத்துவர் என் காதுபடச் சொன்னவை ஆகியவற்றைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை.

அக்கா மலேசியாவில் ரந்தாவுக்கு அருகே, எண்ணெய் எடுக்கும் செம்பனை வளரும் ஒரு தோட்டத்தில் வாழ்கிறார். மச்சான் அங்கே லாரி ஓட்டுகிறார். தோட்டத்து மாதாகோயிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவர் அக்காதான். ஒலிபெருக்கி கெட்டுப்போன நாள்களிலும் அவர் வாசிப்பு கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும். குறிப்பாகத் ‘தந்தை’ என்ற சொல். அதில் உள்ள மூன்று எழுத்துகளும் மேல்வாய் முன்பல்லின் அடியை நாக்கு தொடுவதால் பிறப்பவை. அந்தப் பல் அசைந்தால் அந்தச் சொல்லும் அசையும். அக்காவின் மேல் முன்பற்களில் ஒன்று கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அசையத் தொடங்கியது. உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரின் காலைத் திருப்பலியில் வாசகம் வாசிக்கும் பொறுப்பு, வழக்கம்போல, அவருக்கே வந்திருந்தது.

நான் பாரோயிலிருந்து பார்க்கப் போனபோது அவர் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியில் இரத்தம்.

“சூடு தம்பி. ஒடம்பு சூடு. பார்லி தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்லா.”

மச்சான் சாப்பிட்டு முடித்து, செம்பனை ஓலையிலிருந்து கிழித்த ஈர்க்கால் பல் குத்திக்கொண்டிருந்தார். “நானும் பாக்குறேன், வருசக்கணக்கா பார்லி குடிக்கிறா. சூடு எறங்கல, பல்லுதான் எறங்குது.”

“நீங்க மொதல்ல அந்த லீடிய வச்சி நோண்டுறத நிறுத்துங்க. உங்க வாயப் பாத்தா எலி பொந்து மாதிரி இருக்கு.”

சூடு என்ற சொல் எங்கள் குடும்பங்களில் எல்லா இரத்தத்திற்கும் விடை. அந்த விடையோடு ஒரு வழக்கமும் உண்டு: இரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக்கூடாது. அக்காவும் அவ்வாறே பல்லாண்டுகளாக அந்த முன்பல்லின் அடியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் துலக்கிவந்தார். அவருடைய பார்வையில் அது கவனிப்பின்மையன்று, மிகுந்த கவனம். புண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்.

மறுவாரம் அவரைப் பாரோயில் என் வீட்டருகே உள்ள பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண். நான் அறைக்குள் அக்காவின் அருகிலேயே நின்றேன். கண்ணாடிக் கோலால் உதட்டை உயர்த்திப் பார்த்துவிட்டு, “கூசி சாக்கிட்?” என்று கேட்டார் மருத்துவர்.

அக்காவுக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் சந்தையிலும் பேருந்திலும் ஈற்றைப் பற்றிப் பேச என்ன தேவை? ‘சாக்கிட்’ என்றால் வலி என்பது தெரியும், ‘கூசி’ என்றதைத் தமிழாக எடுத்துக்கொண்டு, பல் கூசுகிறதா என்று கேட்பதாகவே அவர் எண்ணினார். கூச்சம் அவருக்கு இருந்ததில்லை. எனவே, இல்லை என்பதற்கான ‘தாடா’வைச் சேர்த்து, மிகுந்த உறுதியோடு சொன்னார்:

“கூசி தாடா, டாக்டர்!”

மருத்துவர் கண்ணாடிக் கோலை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். ஈறே இல்லையென்றால் பற்கள் எதில் நிற்கின்றன என்று மலாயில் கேட்டார். நான் குனிந்து, “அக்கா, கூசின்னா கூச்சமில்ல, ஈறு” என்றேன்.

“ஐயோ! எனக்கு ஈறே இல்லன்னா சொல்லிட்டேன்?” என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று அந்த அறையிலிருந்த அச்சம் அதோடு போயிற்று.

அவர் தவறிச் சொன்னது ஒருவகையில் உண்மையே. நாங்கள் எல்லோரும் ஈறு இல்லாதவர்களைப் போலவே வாழ்ந்திருக்கிறோம். பல் விளக்கு, பல் தேய் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எனக்கு ஈறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொல்லின் இறுதி. இலக்கண வகுப்பில் படித்தது. பல்லின் இறுதியும் அதுதான் என்பதை அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மருத்துவர் சொன்னவற்றைச் சொன்னபடியே தருகிறேன். ஈற்றோரத்தில் ஒட்டும் மெல்லிய அழுக்கே இரத்தத்திற்குக் காரணம். விட்டுவைத்தால் அது காரையாக இறுகும். இறுகிய காரை வீட்டுத் துலக்கலில் போகாது, அதை அவர் எடுத்தாக வேண்டும். எடுத்தபின் மீண்டும் சேராமல் காப்பது அக்காவின் கையில். இரத்தம் வரும் இடத்தை விடக்கூடாது. அந்த இடத்தைத்தான் மென்மையாகத் துலக்க வேண்டும். பல்லைப் பிடுங்குவதா என்பதை உடனே சொல்ல மாட்டேன், பெருவிழாவுக்கு முன் வாருங்கள், பார்ப்போம் என்றார். காரையை அன்றே எடுத்தார். எடுத்து முடித்தபின் அக்காவின் நாக்கு வாய்க்குள் துழாவிக்கொண்டே இருந்தது. “தம்பி, எடவெளி எடவெளியா இருக்கு. போனதுலாம் என் பல்லு இல்லயா?” என்று கேட்டார். பல்லன்று, காரை.

பின்னர் மருத்துவர் மென்மையான தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்து, அழுத்தாமல் சிறுசிறு அசைவாகத் துலக்கிக் காட்டினார். பல்லிடுக்குக்குத் தனியே ஒரு குட்டித் தூரிகை. காலையிலும் படுக்கப் போகுமுன்னும். உப்புநீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும். துலக்கலுக்கு அது ஈடாகாது.

அக்கா அதைத் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டார். அவர் முன்பு செம்பனையின் அடியில் வட்டமாகப் புல் எடுக்கும் வேலை செய்தவர். “வட்டம் எடுக்குற மாதிரிதான். நாம என்னா மரத்தயா தொடச்சோம்? அடியத்தானே சுத்தம் பண்ணோம்.”

ஆனால் வீட்டுக்குப் போனபின் முதல் நாள்களில் துலக்கித் துப்பிய நீர் தொட்டியில் சிவந்தது. தொலைபேசியில் அழைத்தார். குரலில் பழைய அச்சம்.

“ரத்தம் வருதுடா. விட்டுடவா?”

“விடாதக்கா. அந்த எடத்தத்தான் விடக்கூடாதுன்னு சொன்னாங்க.”

“பல்லு கையோட வந்துருச்சின்னா? பெருவிழாவுல நான் என்னா, காத்த ஊதிக்கிட்டு நிக்கவா?”

அவர் விடவில்லை. எனக்கு அதில் ஐயமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நேரில் போய்ப் பார்த்தேன். சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று, பிறகு ஒருநாள் தொட்டியில் நுரை வெள்ளையாகவே விழுந்தது. அன்று அக்கா மச்சானைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார்.

“பாத்தீங்களா? இப்ப உங்க வாயக் காட்டுங்க. கூசி இருக்கா, தாடாவா?”

மச்சான் அன்றே ஈர்க்கைக் கைவிட்டார் என்று சொல்ல ஆசைதான். உறுதியாகத் தெரிந்தது, குளியலறையில் இன்னொரு குட்டித் தூரிகை வந்து சேர்ந்ததும், அக்காவின் கேள்விக்கு அவர் நாள்தோறும் பதில் சொல்ல வேண்டியிருந்ததும்தான்.

பெருவிழாவுக்கு முன் மருத்துவர் மீண்டும் பார்த்தார். ஈற்றை மெல்ல அளந்தார், இரத்தம் வரவில்லை. பல்லை அசைத்துப் பார்த்தார். மிகச் சிறிதே அசைந்தது. பிடுங்க வேண்டியதில்லை என்றார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, “டாக்டர், கூசி அடா!” என்றார். ஈறு இருக்கிறது! வெளியே காத்திருந்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும்.

பெருவிழாக் காலையில் நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அக்கா வாசகமேடைக்கு ஏறினார், உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொண்டார், வாசிக்கத் தொடங்கினார். ‘தந்தை’ வந்தது. முழுமையாக, சீறலின்றி, மூன்று எழுத்தும் பல்லில் பட்டுத் தெறித்து, சுவரைத் தொட்டு என்னிடம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைப்பதை மச்சான் பார்த்துவிடக் கூடாது. பார்த்துவிட்டார்.

“என்னா மச்சான், சூடா?” என்றார்.

விட்டுப்போனதையும் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்லைத் தாங்கும் தாடை எலும்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது, அது திரும்ப வளராது என்று மருத்துவர் சொன்னார். பார்லித் தண்ணீர் அக்காவுக்கு நன்மை எதுவும் செய்ததா என்பது தெரியாது. அவர் இன்னும் குடிக்கிறார். அந்தப் பல் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டேன். மருத்துவர் தமக்குத் தெரியாது என்றார். எங்களுக்கும் தெரியாது.