தண்ணீருக்குள் இறக்கிய ஊசி

வேணி மிஸ் போய்விட்டார் என்று அவருடைய அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது, "யாரிடமாவது சொல்லியிருப்பாரோ" என்றுதான் முதலில் பயந்தேன். துக்கம் அப்புறம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாத்தளையில் எங்கள் ஆய்வுகூடத்து அணுவிசை நுண்ணோக்கி அவர் கைக்குத்தான் அடங்கும். மெல்லிய தண்டு ஒன்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசி. அதை அதிரவிட்டு, மேற்பரப்பைத் தட்டித் தட்டிப் படம் எடுப்போம். "வெற்றிடத்துல நிக்காம ஆடும், காத்துல அளவா ஆடும், தண்ணியில சோம்பேறி மாதிரி ஆடும். ஊசி ஒண்ணுதாங்க சேர், குணம்தான் வேற" என்பார். இடம் மாறினால் அதற்கேற்ற அதிர்வெண்ணை மறுபடி தேடாமல் வேலையைத் தொடங்கமாட்டார். நான் பட்டம் பெற்ற விஞ்ஞானி, அவர் ஒப்பந்தத்தில் இருந்த உதவியாளர். அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலாக இருந்தது.

போர் உக்கிரமாக இருந்த காலம். மிளகுக் கொடியை அழுகவைக்கும் கிருமியைத் தண்ணீருக்குள் உயிரோடு படமெடுத்து மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அன்று பல்லேபொல பஸ்ஸை இராணுவத்தினர் நிறுத்திச் சோதித்ததில் வேணி மிஸ் பிந்திவிட்டார். அவர் இல்லாமல் முடியாதா என்ன என்று நானே உட்கார்ந்தேன். காற்றில் கண்டுபிடித்த அதிர்வெண்ணை மாற்றாமலே தண்ணீரை விட்டேன். படம் வரவில்லை. ஊசியை இன்னும் கீழே இறக்கினேன். முனை முறிந்தது. எங்களிடம் இருந்த கடைசி ஊசி அது.

வேணி மிஸ் மூச்சு வாங்க வந்து கருவிக்கு முன்னால் குனிந்த நேரத்தில் ஆய்வுகூடத் தலைவரான பணிப்பாளரும் உள்ளே வந்தார்.

"யாரு உடைச்சது?"

நான் வாய் திறக்கவில்லை. வேணி மிஸ் என்னை ஒருமுறை பார்த்தார். "தண்ணியில திரும்பத் தேடியிருக்கணும் சேர்" என்று மட்டும் பணிப்பாளரிடம் சொன்னார். பணிப்பாளர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். வேணி மிஸ்ஸின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பிறகு அலுவிகாரை பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டபோதெல்லாம், "எப்படிங்க சேர், படம் நல்லா வருதா?" என்று கேட்பார். நான் பஸ்ஸைத் தேடுவதுபோல நின்றுகொள்வேன்.

மரண வீட்டில் அண்ணன் பிளேன்டீ நீட்டினார். "ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லீங்க சேர். 'என் கையால ஊசி ஒடஞ்சிருச்சு, பாவம் சேர், படத்துக்கு எவ்வளவு ஆசப்பட்டாரு'ன்னு தங்கச்சி வருத்தப்படுவா." வீட்டாரிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு அங்கும் உண்மையைச் சொல்லாமல் வந்தேன்.

அவர் கற்றுத்தந்த வேலை என்னிடம் இருக்கிறது என்று எழுத எனக்கு முகமில்லை. அவர் சுமந்துபோன பழிதான் எனக்குரியது, அதை வைத்துக்கொள்கிறேன். ஊசியை உடைத்தவன் நான்.

உங்களுக்கு அனுப்புமுன் இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"அவ இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே சேர்."