டானா வாத்தியார் மேல் வந்த மனு

தில்லைநாயகம் பிள்ளைக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம், பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றுக்கு ஓட்டம், பின்னால் முப்பது பிள்ளைகள் ஓட்டம். மேல்துண்டு வழியில் நழுவி விழுந்தாலும் திரும்ப மாட்டார். கடைசியாக ஓடி வருகிற பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் சீவலப்பேரிப் பக்கத்து வயல்களில் நின்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "வாத்தியாருக்கு என்னமோ ஆயிட்டு வே" என்று பேசிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

அவர் திருநெல்வேலி டவுனில் அரிசி மண்டிக்காரர் வீட்டில் இளைய பிள்ளையாகப் பிறந்தவர். ஏழு வயதில் அவரைத் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே பாடம் சொன்ன அண்ணாவி ஒரு வருஷம் முழுக்க மணலில் எழுத்துகளை விரல் தேய எழுத வைத்தார். "அ ஏன் முதல்ல வருது, அண்ணாவி?" என்று பையன் ஒருநாள் கேட்டுவிட்டான். பதிலுக்குக் கோதண்டம் கிடைத்தது. இரண்டு கையையும் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதற்குத்தான் அந்தப் பெரிய பெயர்.

வளர்ந்தபின் பாளையங்கோட்டைக்கு உபாத்தியாயர் பயிற்சிக்குப் போனார். சீமையில் புதிதாக வந்திருக்கிற ஒரு முறையைப் பற்றி அங்கே ஒருநாள் பாடம் நடந்தது. பிள்ளையைப் பிடித்துப் புத்தகத்துக்குள் திணிக்கக் கூடாது, பிள்ளை எதைப் பார்க்கிறதோ, எதைத் தொடுகிறதோ, எதைக் கேட்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் பரீட்சைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகம் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை. அன்று சாயங்காலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீடு வரைக்கும் ஓடினார்.

அவருடைய முறையில் முதல் எழுத்து அ இல்லை, டானா என்கிற ட. மேலிருந்து ஒரு கோடு, கீழே படுக்கையாக ஒரு கோடு. நாலு வயதுப் பிள்ளைகூட ஈர்க்குச்சியை ஒடித்து வைத்து எழுதிவிடும். இன்னொரு குச்சி வைத்தால் ப. அப்புறம் ம. மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம்! முதல் வாரமே பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு வார்த்தை வாசித்துக் காட்டும். ஊர் சிரித்தது. தமிழில் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராத எழுத்தை முதல் எழுத்தாக்குகிற வாத்தியாரை எங்கே கண்டோம் என்று சொல்லி, டானா வாத்தியார் என்று பெயரும் வைத்தது. அவரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

ஏற்கெனவே இரண்டு ஊர்கள் அவரை மூட்டை கட்ட வைத்திருந்தன. இந்தச் சீவலப்பேரிப் பக்கத்து ஊர் மூன்றாவது. இங்கிருந்தும் புகார் வந்தால் வாத்தியார் சர்ட்டிபிகேட்டையே ரத்து செய்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடுதாசி வந்திருந்தது. அப்புறம் ஆயுசு முழுக்க அண்ணன் மண்டியில் அரிசி அளக்க வேண்டியதுதான்.

"இந்த ஊர்லயாவது கொஞ்சம் பைய இருங்களேன். அடுப்புப் போட்ட மண்ணு இன்னும் காயல" என்றாள் அவர் மனைவி அன்னத்தாய்.

"பைய இருக்கணும்னா நான் மண்டிக்கே போயிருப்பேனே, அன்னம்!"

மனுஷர் அடங்கிப் பைய இருக்கவில்லை. சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வழக்கம் வைத்தார். நழுவப் பார்த்தால் வாசலில் குறுக்கே நிற்பார். "கேட்டுட்டுப் போ!" சிற்றாறு வந்து பெரிய ஆற்றில் சேருகிற இடத்தில் தண்ணீர் ஏன் இரண்டு நிறமாக இருக்கிறது? கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலையே!" என்று கை தட்டிக் குதிப்பார். மறுநாள் மொத்தப் பள்ளிக்கூடமும் ஆற்றங்கரையில் நிற்கும்.

புள்ளி ஆட்டம் என்று ஒன்றும் வைத்திருந்தார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஓலையில் எழுதிப் பழகியவர்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்புதான். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பழைய ஓலைகளையும் சீட்டுகளையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, எங்கே புள்ளி வரும், எது குறில், எது நெடில் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடுவார். அதில் எல்லோரையும் மிஞ்சியவள் நடவு வேலை செய்கிற பாலம்மாளின் மகள் சந்தனமாரி. ஒன்பது வயது.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் பண்ணையார் காந்திமதிநாத பிள்ளை. அவர் மகனும் அங்கேதான் படித்தான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கேட்டான்: "அப்பா, வயலு நம்மளுதுன்னா சந்தனமாரி அம்மா ஏன் நாத்து நடுதா?"

பண்ணையார் உருட்டிய சோற்றை இலையிலேயே போட்டுவிட்டார். அன்றைக்கே, ஓலையில் எழுதிப் பழகிய பண்ணைக் கணக்குப்பிள்ளை பாபநாசத்தைக் கூப்பிட்டு, மேலிடத்துக்குப் பெயர் போடாமல் ஒரு மனு எழுதச் சொன்னார்.

தை மாதம் இன்ஸ்பெக்டர் வேதநாயகம் வில்வண்டியில் வந்து இறங்கினார். சிரித்து யாரும் பார்த்திராத மனுஷர். பண்ணையாரும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஊரே கூரைக்கு வெளியே கூடிவிட்டது. அன்னத்தாயும் பாலம்மாளும் ஒரு ஓரமாக நின்றார்கள்.

"முதல் எழுத்து என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"டானா!" என்று முப்பது குரலும் ஒன்றாகக் கத்தின.

வெளியே ஒரே சிரிப்பு. அன்னத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முகம் மாறாமல் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள்.

"எல்லாம் மனப்பாடமா இருக்கும். முன்னப்பின்ன பாக்காத ஒண்ணைக் குடுங்க, பாப்போம்" என்றார் பண்ணையார்.

இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் இருந்த சந்தனமாரியிடம் நீட்டினார். தில்லைநாயகம் எட்டிப் பார்த்தார். புள்ளியே இல்லாத எழுத்து. தன் மேல் வந்த மனுதான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. சர்ட்டிபிகேட் போகப் போகிறது. ஆனால் அதையும் மீறி, இவள் இதை வாசித்துவிடுவாளா என்று நெஞ்சு துள்ளியது. அப்படி ஒரு பைத்தியம் அவர்.

சந்தனமாரி விரல் வைத்து வாசித்தாள். "இந்த ஊர் வாத்தியார் அகரத்தை விட்டு டகரத்தில் தொடங்குகிறார். பிள்ளைகளை அடிப்பதே இல்லை. ஆற்றுக்கும் வயலுக்கும் கூட்டிக்கொண்டு ஓடுகிறார். ஆகையால் பிள்ளைகள் நாளுக்கு நாள்…"

நின்றுவிட்டாள். விரல் ஒரு கொம்பின்மேல் நின்றது. குறிலா, நெடிலா? வாத்தியாரைப் பார்த்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் என்றைக்கும் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

அவள் முகம் மலர்ந்தது. "பிள்ளைகள் நாளுக்கு நாள் கேட்டுப் போகிறார்கள்! ஆமாய்யா, நாங்க தெனமும் கேட்டுட்டுத்தான் போவோம்."

"ஏளா, கேட்டு இல்ல! கெட்டு! கெட்டுப் போகிறார்கள்னு எழுதியிருக்கு!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். கணக்குப்பிள்ளை பாபநாசம்.

பண்ணையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெயர் போடாத மனுவுல என்ன எழுதியிருக்குன்னு உமக்கு எப்படி வே தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாபநாசம் கூட்டத்துக்குள் பதுங்கப் பார்த்தார். சந்தனமாரிக்கு அந்த வம்பெல்லாம் புரியவில்லை. அவளுடைய சந்தேகம் வேறு. "அப்ப ரெண்டுக்கும் ஏன் கணக்கய்யா ஒரே கொம்பு போட்டீக?"

இன்ஸ்பெக்டர் வேதநாயகம் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊரும் சிரித்தது. பண்ணையார் எழுந்து விறுவிறு என்று போனார். மகன் அவரோடு போகவில்லை. சிரித்து முடித்த இன்ஸ்பெக்டர், பார்வையிட வருகிறவர்கள் குறிப்பு எழுதுகிற பார்வைப் புத்தகத்தை வாங்கி நாலு வரி எழுதி, வாத்தியாரிடம் கொடுத்தார். தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிச் சந்தனமாரியிடம் கொடுத்தார்.

"இதையும் வாசி. புள்ளியெல்லாம் ஒழுங்கா வச்சிருக்கேன்."

அவள் எழுந்து நின்று ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். "புகாரை விசாரித்தேன். பிள்ளைகள் கேட்டுப் போவது உண்மை என்று நேரில் கண்டேன். இந்த வாத்தியாரை இந்த ஊரை விட்டு மாற்றக் கூடாது."

வெளியிலிருந்து அன்னத்தாயின் குரல் உடைந்து வந்தது. "கடேசி வரிய இன்னொரு தடவ வாசி, தாயி!"

சந்தனமாரி இன்னொரு தடவை வாசித்தாள்.