ரோபாட் மருமகள்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில், தலையில் வெள்ளிக் காகிதக் கிரீடத்தோடு ஒரு அம்மாள் வந்தாரே, அது நீங்களா என்று வாசகர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம். நான்தான்.

சென்னை டிவியில் குடும்பங்களுக்கு ஒரு போட்டி. கேள்வி-பதிலெல்லாம் முடிந்ததும் கடைசி ரவுண்டில் ஒரு குட்டி நாடகம் போட வேண்டும். தலைப்பு – ‘நூறு வருஷம் கழித்து உங்கள் வீடு’.

என் மகள் கிருபாவுக்கு உடனே ஐடியா வந்துவிட்டது. டிவியில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் பார்த்திருந்தாள். வானத்தில் வீடு, பறக்கிற கார், பட்டனைத் தட்டினால் சாப்பாடு... அப்படி ஒரு குடும்பம்.

“நைனா, நாம அவங்க மாதிரியே வேஷம் போட்டுக்கினு போலாம்!”

அவள் நைனா, அதாவது என் கணவர், ஸ்கூலில் கணக்கு வாத்தியார். வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவர். அவர் பறக்கும் கார் ஓட்டும் அப்பா ஆனார். நான் மாமியார். கிருபா, வீட்டு வேலை செய்யும் ரோபாட்.

சித்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், ஸ்டூடியோவில் தப்பில்லாமல் நடித்தும் முடித்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். நிகழ்ச்சி நடத்தியவர் மைக்கைக் கிருபாவிடம் நீட்டினார்.

“ரோபாட்டே வந்துட்டா, அப்புறம் வீட்டுக்கு மருமகள் எதுக்கு?”

“மருமகள் கண்டிப்பா வேணும் சார். மாமியார் திட்டுனா ரோபாட் திருப்பித் திட்டாதே!”

அரங்கமே கைதட்டியது. எனக்கும் என் கணவருக்கும் மட்டும் கை எழும்பவில்லை.

ஏன் என்கிறீர்களா? அடுத்த மாதம் கிருபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருப்பதி. பெண் பார்க்க வந்த அன்று இவள் குனிந்த தலை நிமிரவில்லை. “நல்ல அடக்கமான பொண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளையின் அம்மா. சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையும் வாசித்தாயிற்று. போதாததற்கு, மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் டிவியில் வருவதை உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிவைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருபா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அத்தை தப்பா எடுத்துக்குவாங்களாம்மா?”

முன் சீட்டிலிருந்து திரும்பிய என் கணவர், “அதெல்லாம் வெட்டிடுவாங்க. டிவியில அவ்ளோ டைம் ஏது?” என்றார்.

வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போட்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, ‘திருப்பித் திட்டாதே’யை மட்டும் இன்னொரு தடவை போட்டார்கள். என் கணவர் எழுந்து டிவியை அணைத்தார். இனி அணைத்து என்ன பயன்?

மறுநாள் காலையில் வாசலில் சம்பந்தியம்மா. தனியாக. முகத்தில் சிரிப்பில்லை. திருப்பதிப் பக்கத்துப் பழக்கப்படி என்னை ‘வதினா’, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

“காபி எல்லாம் அப்புறம் வதினா. பொண்ண வரச் சொல்லுங்க.”

கிருபா வந்து நின்றாள். மறுபடியும் குனிந்த தலை.

“ஏம்மா... அன்னிக்கு நான் வந்தப்ப நீ ஒரு வார்த்தை பேசலியே?”

“மன்னிச்சிக்குங்க அத்தை, அது சும்மா நாடகத்துக்கு...”

“எது நாடகம்? நேத்து பேசினதா, அன்னிக்கு வாய மூடிக்கினு நின்னதா?”

கிருபா விழித்தாள். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“என் பையன் பேசவே மாட்டான். வர்றவளும் ஊமை மாதிரி இருந்துட்டா, காலம் பூரா நான் செவுத்தோடவா பேசிக்கினு இருக்கிறது? இத்தினி நாளா பயந்துக்கினு இருந்தேம்மா! நேத்துதான் எனக்கு உசிரு வந்துச்சு. அதச் சொல்லத்தான் மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன்.”

கிருபா சிரித்துவிட்டாள். அழுதும்விட்டாள். காபி போடுகிற சாக்கில் நான் சமையலறைக்குள் ஓடினேன். அங்கே ஏற்கெனவே என் கணவர் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்!

இப்போது யோசிக்கிறேன்... பெண் பார்க்கிற அன்று நாம் பெற்ற பெண்ணையா காட்டுகிறோம்? பட்டுப்புடவை கட்டிய வேறு யாரையோ அல்லவா காட்டுகிறோம்? அவர்களும் அந்த வேறு யாரையோ பார்த்துப் பயந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார்கள்.

அது சரி, போட்டியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மூன்றாம் இடம். கலந்துகொண்டது மூன்றே குடும்பம்!